படம் காட்டினால் பேச்சு நின்றுவிடாது. முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் பேரனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம் என்றார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகனும் மருமகளும் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போய்விடுவதால் பகலில் நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். படத்தைத் தொட்டால் பேசும் ஆப்புக்காக 18,000 ரூபாயில் டேப் வாங்கினோம்; அதில் கார்ட்டூன்தான் பார்க்கிறான். மிஷினைப் பழக்கினால் வாயே திறக்க மாட்டான் என்கிறார்கள் உறவினர்கள். நாக்கின் அடிச்சவ்வை வெட்ட வேண்டுமா? வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று பேசுவதால் குழம்பிவிட்டானா? நாக்கில் வசம்பு தடவுகிறோம். ரயில் ஹாரனுக்குத் திரும்புவதால் காதில் குறை இல்லை. பத்து நாளாக இடது காதில் அறைந்துகொண்டு ராத்திரியில் எழுந்து அழுகிறான், அடம் கூடிவிட்டது. (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி)

பதில்: ஐயா, கடைசி வரியில் எழுதியதை நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பேசாத பிள்ளை திடீரென்று காதில் அறைந்துகொள்ள ஆரம்பித்தால் அதற்கு அடம் என்று பெயர் வைக்காதீர்கள். வலி என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள். தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அப்புறம் அடத்தைப் பற்றிப் பேசலாம். அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் இப்போதைக்கு அந்த அறைதான்.

நடுக்காதில் சீழ் சேர்ந்தால் படுக்கும்போது வலி கூடும். பகலில் விளையாடிவிட்டு ராத்திரியில் எழுந்து அழுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். கடைவாய்ப் பல்லில் சொத்தை இருந்தாலும் காதுப் பக்கம் வலிக்கும். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ வேலூர் சிஎம்சி மருத்துவமனையோ, எது வசதியோ அங்கே நாளைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் வீக்கம், காது மடல் முன்தள்ளி நிற்பது, காய்ச்சலோடு விடாத வாந்தி, நடையில் தள்ளாட்டம், இதில் ஒன்று இருந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம்; இன்றைக்கே போய்விடுங்கள். அதுவரை காதில் காய்ச்சிய எண்ணெய், போன வருடம் மிச்சமான சொட்டு மருந்து என்று எதையும் விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கெடுதல்தான் மிஞ்சும்.

ரயில் ஹாரனைக் கேட்டுத் திரும்புவது செவிப் பரிசோதனை ஆகாது. உங்கள் ஜங்ஷனில் அடிக்கும் ஹாரன் பாதிச் செவிடருக்கும் கேட்கும். பேச்சில் உள்ள 'ச', 'த', 'ப' காதில் விழுகிறதா என்பதே கேள்வி. காது ஆறியதும் 'பெரா' (BERA) பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒலி கேட்டதும் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளப்பது அது. பிள்ளை தூங்கும்போது தலையில் மின்முனை ஒட்டிப் பார்ப்பார்கள். ஊசி குத்துவதில்லை, வலிக்காது. பேசாத எந்தப் பிள்ளைக்கும், ஆட்டிசம் என்று முத்திரை குத்தியான பிறகும், இதைச் செய்தே ஆக வேண்டும்.

சரி, உங்களை உண்மையில் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். படமோ மிஷினோ பேச்சைத் தடுக்காது. அமெரிக்காவில் 2006-இல் இதுபற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். நம்பிக்கையான சான்று இருந்த 27 பேரில் 24 பேருக்குப் பேச்சு கூடியிருந்தது, மூன்று பேருக்கு மாற்றம் இல்லை, ஒருவருக்கும் குறையவில்லை. கூடியதும் பெரும்பாலும் கொஞ்சம்தான், அதை மறைக்க மாட்டேன். வாயால் கேட்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். அது முடிந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் பட அட்டையைத் தேடி ஓடப்போவதில்லை. எந்த மாதத்தில் பேசுவான், பேசுவானா என்று யாரும் உறுதி தர முடியாது. '21 நாளில் பேச்சு' என்று செல்போனில் வருகிற வீடியோக்காரர் தந்தால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நாக்குச் சவ்வை விடுங்கள். அது சில ஒலிகளின் உச்சரிப்பைக் கொஞ்சம் மாற்றலாம், பேச்சையே நிறுத்தாது. தெலுங்கும் தமிழும் கலந்த வீடுகள் நம் வட ஆற்காட்டில் எத்தனை, எல்லாப் பிள்ளைகளுமா பேசாமல் போனார்கள்? வசம்பைப் பரணில் போடுங்கள். பேச்சு மூளையில் பிறப்பது, நாக்கைத் தேய்த்து வரவழைக்க முடியாது. அளவு மிஞ்சினால் வாந்திதான் வரும்.

டேப் ஏன் வேலை செய்யவில்லை? பொருளில் குறை இல்லை. உங்கள் பேரனுக்கு அது இன்னும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பக்கவாதத்தில் பேச்சு போன ஒரு வாத்தியாருக்கு வீட்டார் வாழைப்பழம், பசு, பந்து போட்ட குழந்தைப் படப் புத்தகத்தைக் கொடுத்திருந்தார்கள். அவர் கோபத்தில் அதைத் தூக்கி எறிந்தார். வாசிப்பு போகாத மனிதர் அவர். அ, ஆ எழுதிய பலகையைக் கொடுத்ததும் விரலால் கூட்டிக் காட்டினார், முதலில் கேட்டது வெற்றிலை. கை விறைத்த மூளை வாதப் பெண் ஒருத்தி படத்தைத் தொட முடியாமல் தவித்தாள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின் நான்கு மூலையிலும் படம் ஒட்டி எதிரில் பிடித்தோம். அவள் கண் எந்த மூலைக்குப் போகிறது என்று பின்னாலிருந்து பார்த்தால் பதில் கிடைத்தது. கை என்ன செய்யும், கண் எதை அடையாளம் காணும், எழுத்து தெரியுமா, கூட இருப்பவர் யார் என்றெல்லாம் பார்த்த பிறகுதான் கருவி. விலை கடைசிக் கேள்வி.

உங்கள் பேரன் கையை இழுக்கிறான், விரல் நீட்டிக் காட்டுவதில்லை. அவன் முன்னால் அறுபது கட்டம் உள்ள திரை, அதுவும் அமெரிக்க ஆங்கிலத்தில் பேசுகிற திரை என்றால் என்ன செய்வான்? கார்ட்டூன்தான் பார்ப்பான். 'பெக்ஸ்' (PECS) என்று பட அட்டையைக் கொடுத்துக் கேட்கப் பழக்கும் ஒரு முறை உண்டு, 1985-இல் அமெரிக்காவில் உருவானது. படத்தைத் தொட வேண்டாம், எடுத்து ஆள் கையில் கொடுக்க வேண்டும். ஆளைத் தேடி வருகிற பிள்ளைக்கு இது பொருந்தும். தொடக்கத்தில் இரண்டு பேர் வேண்டும், நீங்களும் பாட்டியும் சரியாகப் போதும். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் எதிரில் உட்காருங்கள். முறுக்கின் போட்டோ ஒட்டிய அட்டை நடுவில் இருக்கட்டும். அவன் முறுக்குக்குக் கை நீட்டும்போது பாட்டி பின்னாலிருந்து அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோய் உங்கள் கையில் கொடுக்கவைக்க வேண்டும். உடனே முறுக்கைக் கொடுத்து, வீட்டு வழக்கில் அதன் பெயரையும் சொல்லுங்கள். 'என்ன வேணும்?' என்று கேட்கவே கேட்காதீர்கள். கேட்டுப் பழக்கினால், நீங்கள் கேட்டால்தான் அட்டையைக் கொடுப்பான். பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை நேரில் பார்த்துக்கொண்டால் பிசகாது.

சாப்பாட்டோடு நிறுத்திவிடாதீர்கள். 'வேண்டாம்', 'போதும்' இரண்டும் சீக்கிரமே வேண்டும். பாதி அடம் அதில் அடங்கும். 'வலி' மெதுவாகத்தான் வரும். முழங்காலில் சிராய்த்தால் புண்ணைத் தொட்டு, வலி அட்டையையும் தொட்டு, நீங்களே சொல்லிக் காட்டிக்கொண்டிருங்கள். அவன் அதைக் கற்கும்வரை காது, பல், மலச்சிக்கல் எல்லாம் நீங்கள் தேட வேண்டியவை. தண்டனையாக அட்டையைப் பிடுங்கி வைக்காதீர்கள், அது வாயைப் பொத்துவதற்குச் சமம்.

ரயில் பார்க்கப் போக வேண்டும் என்று கேட்பதற்கும் ஒரு அட்டை வையுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கொண்டுவந்து கொடுப்பான், அன்று முடியாது என்று சொல்லத்தான் வேண்டும்.

டேப்பை விற்றுவிடாதீர்கள். அட்டைகள் இருபது, முப்பது என்று கூடி, தேடி எடுத்துக் கொடுக்கும்போது அதற்கு வேலை வரும். அப்போது தமிழோ தெலுங்கோ பேசுகிற ஆப்பாக மாற்றி, பல ஆப்களில் வீட்டுக் குரலையே பதியலாம் என்பதால் பாட்டியின் குரலைப் பதியுங்கள். அந்த ஒரு ஆப் மட்டும் திறக்கும்படி பூட்டி, கார்ட்டூனை டிவிக்கு மாற்றுங்கள். அப்போதும் அட்டைகள் பையில் இருக்கட்டும். வேலூர் வெயிலில் பிளாட்பாரத்தில் நின்று டேப் திரையைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும்.