வேல்ஸில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் எங்கே போகலாம்?

லிவர்பூலில் தங்கியிருப்பதாகவும், காரில் ஒரு நாள் வேல்ஸ் போய்வர நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வட வேல்ஸ்தான். சென்ற வருடம் செப்டம்பரில் நானும் தம்பியும் போன வழியையே சொல்கிறேன்: கான்வி, லான்ரூஸ்ட், லான்பெரிஸ், கேர்நார்வன்.

காலையிலேயே கான்வி போய்விடுங்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்த கையோடு 1283 முதல் 1287 வரை கட்டிய கோட்டை அங்கே இருக்கிறது. ஊரைச் சுற்றி 1.3 கிலோமீட்டர் மதிலும் 21 கோபுரங்களும் உண்டு. மதில்மேல் நடக்கக் காசு கிடையாது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இடத்தில் முன்பு ஒரு மடாலயம் இருந்தது. வேல்ஸின் பெரும் இளவரசர் லெவெலின் 1240இல் இறந்தபோது அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். கோட்டைக்காக எட்வர்ட் துறவிகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்.

இது தெரிந்த பிறகு எங்கள் பயணமே லெவெலினைத் தேடுவதாக மாறிவிட்டது.

கான்வி ஆற்றை ஒட்டித் தெற்கே போனால் லான்ரூஸ்ட் வரும். சின்ன ஊர். ஆற்றங்கரைத் தேவாலயத்தில் லெவெலினுடையது என்று சொல்லப்படும் கல் சவப்பெட்டி இருக்கிறது. மூடி இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லாததால் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றோம். பத்து நிமிடம் போதும், ஆனால் தவறவிடாதீர்கள்.

அப்புறம் மலைப்பாதை. பெட்டுஸ்-அ-கோய்ட் தாண்டியதும் காடு விலகி, இருபுறமும் பாறையும் ஆடுகளும்தான். 1085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் சிகரத்தின் அடிவாரக் கணவாய் வழியாகத் தார்ச்சாலை இறங்கும். வளைவுகளில் தரையில் வெள்ளை எழுத்தில் 'அராவ்' என்று எழுதியிருக்கும். வெல்ஷ் மொழியில் மெதுவாக என்று அர்த்தம். மெதுவாகவே போங்கள், மழை எப்போது வரும் என்று சொல்லவே முடியாது.

லான்பெரிஸில் எல்லோரும் ஸ்னோடன் சிகரத்துக்கு ஏறும் மலை ரயிலுக்குப் போவார்கள். நீங்கள் முதலில் டோல்பாடார்ன் கோட்டைக்குப் போங்கள். ஏரிக்கு மேலே ஒரு குன்றில் ஒற்றை வட்டக் கோபுரம், சுமார் 15 மீட்டர் உயரம். லெவெலினே கட்டியது. எட்வர்டின் கோட்டைகளைப் பார்த்த கண்ணுக்கு முதலில் சின்னதாகத்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து கணவாய் முழுவதும் கண்ணில் படுகிறது; எதிரி எந்தப் பக்கம் வந்தாலும் தெரிந்துவிடும். எதிர்க்கரையில் மலையையே படிப்படியாக வெட்டி எடுத்த டினோர்விக் சிலேட்டுக் குவாரி. ஒரு காலத்தில் 3000 பேருக்கு மேல் வேலை செய்த இடம், 1969இல் மூடிவிட்டார்கள். எனக்கு அந்த நாளிலேயே மனதில் நின்ற காட்சி இதுதான். சிகரத்தைவிட இங்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பேன்.

வேல்ஸ் வீழ்ந்ததும், 1284இல், டோல்பாடார்ன் கோட்டையின் கட்டட மரங்களைப் பெயர்த்து கேர்நார்வன் கோட்டை கட்டக் கொண்டுபோனார்கள். லான்பெரிஸிலிருந்து கேர்நார்வன் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், நீங்களும் அதே திசையில்தான் போவீர்கள். குளிர்காலம் என்றால் நான்கு மணிக்கே மூடிவிடுவார்கள், அதற்கேற்பக் கிளம்புங்கள். பல கோண வடிவக் கோபுரங்கள், சுவரில் பட்டை பட்டையாக நிறம் மாறும் கல். குவாரி மூடிய அதே 1969இல்தான் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டும் விழா இங்கே நடந்தது. உள்ளே போனால் சுவர்களில் உத்தரம் செருகிய குழிகளைப் பாருங்கள். மரம் எதுவும் மிஞ்சவில்லை, குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

வெளியே மதிலடியில் பள்ளிப் பையன்கள் சிலர் சிப்ஸ் தின்றுகொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முழுக்க வெல்ஷில்.