கிடை ஆடு நம்ம தெருவுல வந்தா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் புதுசா போட்ட நகர்ல வீடு கட்டி வந்திருக்கோம். கோடை வந்தா ராம்நாடு ஆளுங்க செம்மறி ஆட்டை மந்தை மந்தையா எங்க தெரு வழியா ஓட்டிட்டு போறாங்க. வாசல்ல வச்ச செடி எல்லாம் போச்சு, ரோடு பூரா புழுக்கை. உள்ள வரக்கூடாதுன்னு போர்டு வைக்கலாம்னு சங்கத்துல பேசுறாங்க, சரியா?
- ஒரு வாசகி

பதில்: போர்டு வேணாம்மா. செடி போனா வருத்தமாத்தான் இருக்கும், ஆனா அவங்க பொழுதுபோகாம உங்க தெருவுக்கு வரல. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கோடையில மேய்ச்சலே கிடைக்காது. டெல்டாவுல சம்பா அறுப்பு தை, மாசியில முடிஞ்சாலும் உடனே ஆட்டை இறக்க முடியாது, தாள்ல உளுந்தும் பயறும் நிக்கும், அதை பங்குனி சித்திரையில எடுத்தாதான் வயல் காலி, அப்புறம் ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா திரும்ப நாத்து விட ஆரம்பிச்சிடுவாங்க. நடுவுல இருக்குற அந்த கொஞ்ச நாள்தான் அவங்களுக்கு. பகல்ல மேய்ப்பாங்க, ராத்திரி ஒருத்தர் வயல்ல கிடை போடுவாங்க, அதாவது மந்தையை அங்கேயே அடைச்சு வைப்பாங்க, விழுற புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு, வயக்காரர் கீதாரிகிட்ட (மந்தையை ஓட்டிட்டு வர்ற ஆளுங்களுக்குத் தலைவர்) பேசி காசோ நெல்லோ குடுப்பார். "ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்"னு பெரியவங்க சொன்னது சும்மா இல்ல, அடுத்த வெள்ளாமையிலயே பலன் தெரியும். நீங்க சாப்பிடுற அரிசியில அவங்க உழைப்பும் இருக்கு.

இன்னொன்னு, இப்படி நகர் போடுற இடம் பெரும்பாலும் முன்னாடி வயல்தான். வண்டிப்பாதையும் மேய்ச்சல் புறம்போக்கும் பல ஊர்ல கட்டடமா மாறிடுச்சு, தார் ரோட்டை விட்டா ஆடு எங்க நடக்கும்?

செய்ய வேண்டியது என்னன்னா, பக்கத்துல யார் வயல்ல கிடை கிடக்குன்னு விசாரிச்சு அந்த விவசாயிகிட்ட கீதாரி போன் நம்பர் வாங்குங்க. "அண்ணே, காலையில ஸ்கூல் வேன் வர்றதுக்கு முன்னாடி போயிடுங்க, இந்த ஓரத் தெருவா போங்க"ன்னு மரியாதையா சொல்லிப் பாருங்க, கேப்பாங்க. செடிக்கு கம்பிவலை கட்டுங்க. களைக்கொல்லி அடிச்ச காலி மனை இருந்தா கட்டாயம் முன்கூட்டியே சொல்லிடுங்க. மிச்சச் சோத்தை பாலிதீன் பையில கட்டி ரோட்டுல போடாதீங்க, பை வயித்துல சிக்கும், சோறு மொத்தமா தின்னாலே வயிறு உப்பி ஆடு செத்துரும், ஒரு ஆடு போனா அவங்களுக்கு எவ்வளவு பெரிய அடி!

எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம், ஊர்ல ஒரு கோழி காணாம போனா முதல்ல இவங்களைத்தான் கேக்குறது. இவங்க ஆடு திருடு போனா வெளியூர்க்காரன்னு ஸ்டேஷனுக்கு போகவே தயங்குறாங்க, அப்ப உங்க சங்கத்துல ரெண்டு பேர் கூட போங்க.

கேள்வி: அவங்க இங்க ரேஷன் வாங்க முடியுமா?

பதில்: முடியும். 2020 அக்டோபர்ல இருந்து தமிழ்நாட்டு கார்டுக்கு மாநிலத்துல எந்தக் கடையிலயும் பொருள் வாங்கலாம். கடையில "உங்க ஊருக்கு போங்க"ன்னு திருப்பி அனுப்பினா நீங்க கூட நின்னு கேளுங்க. ஆட்டுக்கொல்லி நோய் தடுப்பூசி எப்ப போடுறாங்கன்னு பக்கத்து கால்நடை ஆஸ்பத்திரியில விசாரிச்சு கீதாரிக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க, ஊர் ஊரா போறவங்களுக்கு அந்தத் தகவல்தான் வந்து சேர மாட்டேங்குது.