சென்னையில் பெரிய பட்ஜெட் இசை நாடகத்தில் பணம் போடலாமா?

கேள்வி இதுதான்: சென்னையில் தயாராகும் ஒரு பிரம்மாண்டமான மேடை இசை நாடகத்தில் பங்காளியாகப் பத்து லட்சம் போட அழைக்கிறார்கள், எவ்வளவு ரிஸ்க்?

பதினாறு வருடமாக மேடை நிகழ்ச்சிகளுக்குத் தயாரிப்பு நிர்வாகியாக வேலை பார்க்கிறேன். கணக்கு நோட்டு என் கையில்தான் இருக்கும். அதனால் பணம் எங்கே போகிறது, ஏன் திரும்பி வருவதில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பணம் போட வருகிறவர்கள் எல்லோரும் செட்டுக்கு எவ்வளவு, உடைக்கு எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி. போட்ட முதலை எத்தனை ராத்திரியில் பிரித்து எடுக்கப்போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. சினிமா ஒரே நாளில் ஆயிரம் தியேட்டரில் ஓடும். நாடகம் ஒரு ராத்திரியில் ஒரே ஒரு மேடையில்தான் நடக்கும். வாசலில் கூட்டம் முண்டியடித்தாலும் உள்ளே இருக்கும் நாற்காலி அதிகமாகாது. அடுத்த நாள் மறுபடி அரங்க வாடகை, லைட், சவுண்டு, லாரி, சாப்பாடு, நடிகர்களுக்குப் பேட்டா என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒத்திகை, செட், உடை, பாட்டு ரிக்கார்டிங், விளம்பரம் எல்லாம் சேர்த்து 90 லட்சம் முதலீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் இருக்கை உள்ள அரங்கம். ஸ்பான்சர், அரங்கத்துக்காரர்கள், பத்திரிகை என்று பாஸுக்கே 150 இருக்கை போய்விடும். மீதி 850. நல்ல நாளில் அதில் 80 சதவீதம் நிறைந்தால் 680 டிக்கெட். சராசரி விலை 500 ரூபாய் என்றால் வசூல் 3 லட்சத்து 40 ஆயிரம். ஒரு ஷோ நடத்தும் செலவு 2 லட்சத்து 50 ஆயிரம் என்றால் கையில் நிற்பது 90 ஆயிரம். 90 லட்சத்தை எடுக்க நூறு ஷோ வேண்டும். லாபம் நூற்றியோராவது ஷோவில்தான் ஆரம்பிக்கும்.

சென்னையில் ஒரே நாடகத்துக்குத் தொடர்ந்து நூறு ராத்திரி எந்த அரங்கம் தேதி தரும்? வார இறுதி இரண்டு நாள் கிடைப்பதே பெரிய விஷயம். டிசம்பர் வந்துவிட்டால் கச்சேரி சீசன், மேடை கிடைக்கவே கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் மழை பெய்யாது என்று நம்பித் தேதி வாங்க வேண்டும்.

டிக்கெட் விலையை ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். நாடக டிக்கெட் 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. தாண்டினால் 18 சதவீதம். 600 ரூபாய் என்று நீங்கள் வைத்தால் பார்ப்பவர் 708 கொடுக்க வேண்டும், அதற்கு மேல் ஆன்லைன் புக்கிங் கட்டணம் வேறு. வருடச் சந்தா கட்டிவிட்டு சபாவில் மாதாமாதம் நாடகம் பார்த்துப் பழகிய குடும்பம் நாலு பேருக்கு மூவாயிரம் ரூபாய் என்றால் யோசிக்கும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, பெரிய நாடக அரங்கங்கள் வரிசையாக இருக்கும், வாரத்துக்கு எட்டு ஷோ நடக்கிற நியூயார்க் பிராட்வேயில் என்ன நிலைமை? அங்கேயும் ஐந்தில் ஒரு நாடகம்தான் போட்ட முதலை எடுக்கும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களே வழக்கமாகச் சொல்லும் கணக்கு. லாபம் வந்தால் முதலில் முதலீட்டாளர்களின் பணம் முழுதாகத் திரும்பும், அதற்குப் பிறகு வருவதைத் தயாரிப்பாளரும் முதலீட்டாளர்களும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். பெரும்பாலான நாடகங்கள் அந்த இரண்டாவது கட்டத்துக்கே வருவதில்லை. அரங்க ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருக்கும். வசூல் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்து போனால் அரங்க உரிமையாளர் இடத்தைக் காலி செய்யச் சொல்லலாம்.

‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ என்று ஒரு இசை நாடகம். போட்ட முதலீடு ஏழரைக் கோடி டாலர். நடிகர்கள் பார்வையாளர்களின் தலைக்கு மேலே கம்பியில் பறக்க வேண்டும். அதிகாரபூர்வத் தொடக்கத்துக்கு முன்பே 182 முன்னோட்டக் காட்சிகள் நடந்தன. நடுவில் விபத்துகள், இயக்குநர் மாற்றம், கதையைத் திருத்தி எழுதியது எல்லாம் ஆகி 2011 ஜூனில்தான் முறையாகத் தொடங்கியது. கூட்டம் வரவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த வருடக் கடைசியில், புத்தாண்டை ஒட்டிய ஒரே வாரத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூல், அன்றைக்கு அது பிராட்வே சாதனை. ஆனால் அதை நடத்துவதற்கே வாரத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் தேவைப்பட்டது. விடுமுறை வாரத்தில் வந்தது சாதாரண வாரத்தில் வரவில்லை. 2014 ஜனவரியில் மூடும்போது நஷ்டம் ஆறு கோடி டாலர் வரை என்று பத்திரிகைகள் எழுதின. ஆயிரம் ஷோவுக்கு மேல் ஓடிய நாடகம் இது.

நமக்கு நெருக்கமான உதாரணமும் இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002 ஜூனில் லண்டனில் தொடங்கி இரண்டு வருடம் ஓடியது. அதையே 2004 ஏப்ரலில் பிராட்வேக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மாதம்தான், 2005 ஜனவரி ஒன்றாம் தேதி முடிந்துவிட்டது. கதையையும் பாட்டையும் கொஞ்சம் மாற்றித்தான் கொண்டுபோனார்கள், அப்படியும் அந்த ஊரில் நிற்கவில்லை. அப்புறம் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இசை நாடகம். இதற்கும் இசையமைத்தவர்களில் ரஹ்மான் ஒருவர். 2006இல் கனடாவின் டொரோண்டோவில் சுமார் 2 கோடியே 80 லட்சம் கனடா டாலர் செலவில் மேடையேறி ஆறு மாதத்தில் நின்றது. அடுத்த வருடம் அதைச் சுருக்கித் திருத்தி லண்டனில் போட்டார்கள். அந்த லண்டன் மேடைத் தரையில் மட்டும் ஒன்றோடொன்று பின்னிச் சுழலும் மூன்று வட்ட மேடைகளும் 17 லிஃப்டுகளும் இருந்தன. அங்கேயும் ஒரு வருடத்துக்குச் சற்று மேல்தான் ஓடியது. உலகமே கொண்டாடும் இசையமைப்பாளர், ஊருக்கெல்லாம் தெரிந்த கதை, இவ்வளவும் இருந்தும் தினசரிச் செலவு என்ற மலையைத் தாண்ட முடியவில்லை.

எதிர்ப் பக்கமும் சொல்ல வேண்டும். ‘ஹாமில்டன்’ 1 கோடியே 25 லட்சம் டாலரில் தயாரானது, 2015இல் பிராட்வே வந்து ஒரு வருடத்துக்குள் முதலை எடுத்துவிட்டது. அதன் மேடையைப் பார்த்தீர்கள் என்றால் மரப்படிகளும் செங்கல் சுவரும் சுழலும் வட்டத் தரையும்தான், பறக்கிற சமாசாரம் எதுவும் கிடையாது. 1988இல் பிராட்வேயில் தொடங்கிய ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ அங்கே 13,981 ஷோ ஓடியது. அதுவே வாரச் செலவு ஏறிக்கொண்டே போனதால் 2023 ஏப்ரலில் மூட வேண்டியதாயிற்று.

நம் ஊரில் பிரம்மாண்டம் புதிதா என்றால் இல்லை. கன்னையா கம்பெனி, நவாப் ராஜமாணிக்கம் கம்பெனி போன்ற அந்தக் கால நாடகக் குழுக்கள் எல்லாம் மேடையில் காட்டிய அலங்காரத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியானது? முகாம் போட்டார்கள். ஒரு ஊரில் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் தங்கி, கூட்டம் இருக்கும்வரை அதே நாடகம், குறைந்தால் வேறு நாடகம், அப்புறம் அடுத்த ஊர். செட்டும் படுதாவும் கூடவே போகும். ஒரு முறை செய்த சீன் ஆயிரம் ராத்திரிக்கு உழைத்தது. பிறகு வந்த ஆர்.எஸ்.மனோகர் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற நாடகங்களில் தந்திரக் காட்சிகளும் பெரிய செட்டும் வைத்து ஊர் ஊராகப் போனார். அவருக்கும் அதே கணக்குதான், ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டதால் முதல் திரும்பியது. சபா காலத்தில் ஒரு அரங்கத்துக்கு ஒரு ராத்திரி என்று ஆனபோது செட் சுருங்கியது. ஒரு சோபா, ஒரு டெலிபோன், ஒரு மாடிப்படி. ரசனை குறைந்ததால் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு லாரியில் ஏற வேண்டும், இரண்டு மணி நேரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் காரணம்.

நான் வேலை பார்த்த ஒரு சரித்திர இசை நாடகத்தைச் சொல்கிறேன். மேடையில் 42 பேர். வளசரவாக்கத்தில் ஒரு ஷெட் எடுத்து அரண்மனை செட் போட்டோம். தூண் மட்டும் பதினெட்டு அடி. நாலு ஷோவுக்கு நகரில் இரண்டு அரங்கம் பேசியிருந்தது. முதல் அரங்கத்தில் மதியம் இரண்டு மணிக்குத்தான் மேடையைக் கொடுத்தார்கள், காலையில் வேறு யாருக்கோ விட்டிருந்தார்கள். ஏழு மணிக்கு ஷோ. தூணை நிமிர்த்தினால் மேலே லைட் மாட்டும் கம்பியில் இடிக்கிறது. அரங்கத்திலிருந்து எங்களுக்குக் கொடுத்த அளவு தப்பு.

செட் ஆசாரி தூணை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தார். “தம்பி, ஒன்றரை அடி இடிக்குது. அறுத்துரட்டுமா?”

தயாரிப்பாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

“அறுங்கண்ணே” என்றேன்.

எட்டுத் தூணையும் கைரம்பத்தால் அறுத்தார்கள். மேல் பூவேலை இருந்த பகுதிதான் போனது, மூன்று பேர் இருபது நாள் உட்கார்ந்து இழைத்தது. மரத்தூள் பறந்து பக்கத்தில் தொங்கிய பட்டு உடைகளில் படிந்தது, ஒப்பனைப் பெண்கள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அதோடு முடியவில்லை. முதல் பாட்டிலேயே இரண்டு பேரின் காலர் மைக் வியர்வையில் செத்துப்போனது. கிரீடம், கவசம், அதற்குள் மைக்கின் டிரான்ஸ்மிட்டர். சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டியிருந்தால் தப்பித்திருக்கும், அவசரத்தில் விட்டுப்போனது. அடுத்த நாள் உபரியாக ஆறு மைக் வாடகைக்கு எடுத்தோம். இந்த மாதிரிச் செலவெல்லாம் யாருடைய பட்ஜெட்டிலும் முதலில் இருக்காது. எங்கள் நோட்டிலும் இல்லை.

பெரிய அடி வேறு இடத்திலிருந்து வந்தது. பதினைந்து லட்சம் தருகிறோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்ன ஒரு ஸ்பான்சர் நிறுவனம் ஷோவுக்கு ஒன்பது நாள் முன்னால் பின்வாங்கிவிட்டது. போஸ்டரில் அவர்கள் பெயர் அச்சாகி ஒட்டியும் ஆகிவிட்டது. தயாரிப்பாளர் வீட்டு நகையை அடகு வைத்து, அப்புறம் நங்கநல்லூர் வீட்டின் மேல் கடன் வாங்கி மேடையேற்றினார். நாலு ஷோவில் இரண்டு ஹவுஸ்ஃபுல். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐந்தாவது ஷோவுக்கு அரங்கம் கிடைக்க ஏழு வாரம் ஆகும் என்றார்கள், அதற்குள் நடிகர்கள் பாதிப் பேர் சீரியலுக்குப் போய்விட்டார்கள். செட்டை மாத வாடகைக்கு ஒரு குடோனில் வைத்தோம். எட்டு மாதம் கழித்து பிளைவுட்டை எடைக்குப் போட்டோம். அந்த மனிதர் இன்றைக்கும் தவணை கட்டுகிறார். நல்ல நாடகம் அது, அவ்வளவு நல்ல நாடகம். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

வராத பணத்தை நம்புவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2012இல் ‘ரெபெக்கா’ என்ற இசை நாடகம் பிராட்வேயில் வர இருந்தது. 45 லட்சம் டாலர் திரட்டித் தருவதாகச் சொன்ன ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் மலேரியாவில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. விசாரித்தால் அப்படி ஒரு ஆளே கிடையாது, இடைத்தரகர் உருவாக்கிய பெயர். ஒத்திகை தொடங்க இருந்த நேரத்தில் நாடகம் நின்றது.

உங்கள் பத்து லட்சத்துக்கு வருவோம். அழைப்பவர்களிடம் செட் படத்தையும் பாட்டையும் பார்க்காதீர்கள், கேட்காதீர்கள், அது எப்படியும் நன்றாகத்தான் இருக்கும். அரங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தைக் கேளுங்கள், எத்தனை தேதி எழுத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஸ்பான்சர் பணம் வங்கிக்கு வந்துவிட்டதா, வாய்வார்த்தையா என்று கேளுங்கள். ஒரு ஷோவுக்கு ஆகும் செலவு எவ்வளவு, ஷோ ரத்தானால் காப்பீடு உண்டா, உங்கள் பங்கு எந்த ஷோவிலிருந்து திரும்பும் என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். செட் வேறு அரங்கத்துக்கும் பொருந்துமா, கோயம்புத்தூர், மதுரை, சிங்கப்பூர் என்று வெளியூர் ஷோ உறுதியாகியிருக்கிறதா என்பதும் முக்கியம். வெளியூர் தேதி இல்லாமல் சென்னையை மட்டும் வைத்து ஒரு கோடி முதலீடு திரும்பும் என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

பத்து லட்சமும் போனால் வீட்டில் யாருக்கும் கஷ்டம் இல்லை, இந்த நாடகம் மேடையேற வேண்டும் என்ற ஆசை உங்களுக்கே இருக்கிறது என்றால் போடுங்கள், மனதாரச் சொல்கிறேன். கடன் வாங்கியோ மகள் கல்யாணத்துக்கு வைத்ததிலிருந்தோ போடுவதாக இருந்தால் வேண்டாம். அவர்கள் கையில் முப்பது தேதிக்கு மேல் எழுத்தில் இருந்தால் அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.