இன்டர்வியூ முடிந்து நாலு மாதம், கல்லூரி இன்னும் வாய் திறக்கவில்லை

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நாலு கேள்விக்கு அடியில் இருப்பது ஒரே பயம்தான்: அக்டோபரில் மகளை இன்டர்வியூ செய்த அமெரிக்க மருத்துவக் கல்லூரி பிப்ரவரி பிறந்தும் பேசாமல் இருக்கிறதே, வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார்களோ? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மௌனத்துக்கு அப்படிப் பொருள் இல்லை. அவளுடைய கோப்பு இன்னும் மேசையில் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பொருள்.

உங்களுக்கு இது புரிபடாமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நாம் பார்த்து வளர்ந்த மருத்துவச் சேர்க்கை வேறு. ஊரில் மதிப்பெண் வரும், கட்-ஆஃப் வரும், ரேங்க் பட்டியல் வரும். ரேங்க் தெரிந்த அன்றே கிடைக்குமா கிடைக்காதா என்பது பாதி தெரிந்துவிடும். கவுன்சிலிங் தேதிக்குப் போய் நின்றால் போதும். அமெரிக்காவில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் 528க்கு எவ்வளவு எடுத்தாலும் அது இன்டர்வியூ அறையின் வாசல் வரைக்கும்தான் பெரிதாகக் கைகொடுக்கும். அதற்கப்புறம் மனிதர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். பேசுவதற்கு நாள் பிடிக்கும்.

உள்ளே நடப்பது ஏறக்குறைய இதுதான். இன்டர்வியூ செய்தவர்கள் தங்கள் குறிப்பை எழுதிக் கொடுப்பார்கள். சேர்க்கைக் குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ கூடும். ஒரு கூட்டத்தில் இத்தனை கோப்புகள் என்று எடுத்து விவாதிப்பார்கள். சிலருக்கு உடனே இடம், சிலருக்கு உடனே மறுப்பு. நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கும். "நல்ல பிள்ளைதான், இன்னும் சிலரைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்" என்று ஒதுக்கி வைத்த கோப்புகள் அவை. அந்தப் பிள்ளைகளுக்குப் பல கல்லூரிகள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. உங்கள் வீட்டு மௌனம் பெரும்பாலும் இந்த வகை.

எம்.டி. கல்லூரிகள் (நம் ஊர் எம்.பி.பி.எஸ். போல அங்கே முதல் மருத்துவப் பட்டமே எம்.டி.தான்) அக்டோபர் 15இலிருந்து இடம் தரத் தொடங்கலாம் என்பது பொதுவான ஏற்பாடு. அந்த அக்டோபர் நாளில் யாருக்கோ மின்னஞ்சல் வந்த கதையைக் கேட்டுத்தான் பெற்றோர்களின் தூக்கம் போகிறது. ஆனால் எல்லாக் கல்லூரியும் அப்படிச் சிறுகச் சிறுகக் கொடுப்பதில்லை. ஹார்வர்டு, யேல் போன்ற சில இடங்களில் முடிவுகள் மார்ச்சில்தான் மொத்தமாக வரும். செப்டம்பரில் இன்டர்வியூ முடித்தவரும் ஜனவரியில் முடித்தவரும் அதே நாளுக்குத்தான் காத்திருக்க வேண்டும். மகள் போன மூன்று கல்லூரிகளில் எது எந்த வகை என்று அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். இன்டர்வியூ நாளிலும் சொல்லியிருப்பார்கள், அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாலே உங்கள் கவலையில் ஒரு பங்கு குறையும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள், சேர்கிறவர்கள் சுமார் 23 ஆயிரம் பேர். ஆனால் நன்றாகச் செய்த ஒரு பிள்ளைக்கு நாலைந்து கல்லூரிகள் இடம் கொடுத்திருக்கும். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு ஏப்ரல் வரைக்கும் யோசிக்கும். கல்லூரிக்கும் அது தெரியும், அதனால் அதுவும் முழுசாக வாக்குக் கொடுக்காமல் கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஒன்றுக்கு மேல் இடம் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 30க்குள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டும். அந்த வாரத்தில்தான் பூட்டிக் கிடந்த இடங்கள் திறக்கும். வெயிட்லிஸ்ட் அசைவதும் அதற்குப் பிறகுதான், மே, ஜூன், சில கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் வாரம் வரைக்கும். ஆகவே மகளுக்கு ஜனவரியில் இன்னொரு கல்லூரியிலிருந்து வந்த அந்த வெயிட்லிஸ்ட் கடிதத்தை மறுப்பு என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். அது இன்னும் ஆட ஆரம்பிக்காத ஆட்டம்.

இரண்டாவது கேள்வி, நீங்களே அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கலாமா என்பது. வேண்டாம். ஒருமுறைகூட வேண்டாம். விண்ணப்பித்தது மகள், அவர்கள் பேசுவதும் அவளிடம் மட்டும்தான். அம்மாவோ அப்பாவோ கூப்பிட்டால் மரியாதையாக வைத்துவிடுவார்கள், ஆனால் அந்த அழைப்பை யாராவது நினைவில் வைத்திருந்தால் அது மகளுக்கு நல்லதாக இருக்காது.

மூன்றாவது கேள்வியை நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் அந்தக் கல்லூரியில் பேராசிரியர், ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா? இதைக் கேட்காத பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை, கூச்சப்பட வேண்டாம். ஆனால் பலன் இல்லை. அமெரிக்க எம்.டி. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ. அமைப்பின் விதிப்படி சேர்க்கையில் கடைசி அதிகாரம் ஆசிரியர்கள் அடங்கிய சேர்க்கைக் குழுவுக்குத்தான். அரசியல், பணம் இரண்டும் குறுக்கிடக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. மகளோடு ஒரு வருடம் ஆய்வகத்தில் வேலை செய்த பேராசிரியர் அவளைப் பற்றி எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. அவளைக் கல்யாண வீட்டில் ஒருமுறை பார்த்த மாமா எழுதினால் அது வெறும் காகிதம்.

சரி, செய்வதற்கு ஒன்றுமே இல்லையா? உண்டு, ஆனால் அதெல்லாம் மகள் செய்ய வேண்டியது. முதலில் ஒவ்வொரு கல்லூரியின் போர்ட்டலிலும் புதுச் செய்தி அனுப்பலாமா என்று பார்க்கட்டும். சில கல்லூரிகள் இன்டர்வியூவுக்குப் பின் எதையும் அனுப்பாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். அங்கே அனுப்பினால் சொன்னதைக் கேட்காத பிள்ளை என்ற பெயர்தான் மிஞ்சும். அனுமதிக்கும் இடத்துக்கு, உண்மையிலேயே புதிதாக ஏதாவது இருந்தால் எழுதலாம். முதல் பருவ மதிப்பெண் வந்திருக்கிறது, ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது, மருத்துவமனையில் புது வேலை தொடங்கியிருக்கிறாள், இந்த மாதிரி. "உங்கள் கல்லூரி எனக்கு மிகவும் பிடிக்கும்" என்பது செய்தி அல்ல. அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

அப்புறம் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்று ஒன்று இருக்கிறது. இடம் கொடுத்தால் வேறெங்கும் போகாமல் உங்களிடமே சேர்வேன் என்று எழுதிக் கொடுக்கும் கடிதம். சட்டப்படி அது கட்டுப்படுத்தாது என்பதற்காக மூன்று கல்லூரிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதை ஒருபோதும் சொல்ல மாட்டேன். மருத்துவராகப் போகிற பிள்ளை முதல் வாக்குறுதியையே பொய்யாக எழுதக் கூடாது என்பது ஒரு காரணம். சேர்க்கை அலுவலர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற உலகம் இது என்பது இன்னொன்று. ஒரே ஒரு கல்லூரிக்கு, ஒரு பக்கத்துக்குள், அங்கே அவள் படிக்க விரும்புவது எதனால் என்பதைப் பெயர் சொல்லி எழுதட்டும்: இன்டர்வியூவில் பேசிய ஒரு விஷயம், அவள் செய்துவரும் வேலையோடு ஒட்டி நிற்கும் அங்குள்ள ஒரு மருத்துவ முகாம், இப்படி. பெயரை மாற்றினால் வேறு கல்லூரிக்கும் பொருந்தும் கடிதம் என்றால் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். வெயிட்லிஸ்டில் வைத்த கல்லூரிதான் அவளுக்கு மிகவும் பிடித்தது என்றால் மார்ச் முடிவிலோ ஏப்ரலிலோ எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை. இடம் கிடைத்த பிறகு விண்ணப்பத் தளத்தில் இரண்டு பொத்தான்கள் வரும். "பிளான் டு என்ரோல்" என்பது இப்போதைக்கு இதுதான் என் விருப்பம் என்று சொல்வது, அதை அழுத்தினாலும் மற்ற வெயிட்லிஸ்டுகளில் இருக்கலாம். "கமிட் டு என்ரோல்" அப்படி இல்லை. அதை அழுத்தினால் மற்ற எல்லா வெயிட்லிஸ்டிலிருந்தும் விலக வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து மகிழ்ச்சியில் அழுத்திவிட்டு என்னிடம் வந்த மாணவர் ஒருவர் உண்டு.

நாலாவது கேள்விதான் எனக்குக் கொஞ்சம் கவலை தருகிறது. ஒரு கரீபியன் தீவுக் கல்லூரியிலிருந்து இடம் தயார் என்று வந்த மின்னஞ்சலையும், இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். இப்போது கட்டாதீர்கள். அந்தக் கல்லூரிகளில் படித்து நல்ல மருத்துவர் ஆனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் படிப்பு முடிந்தால் போதாது, பிறகு ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி, கிடைக்க வேண்டும். 2024 ரெசிடென்சி சேர்க்கையில் அமெரிக்க எம்.டி. கல்லூரியில் கடைசி ஆண்டு படித்தவர்களில் 93 விழுக்காட்டுக்கு மேல் இடம் பெற்றார்கள். வெளிநாட்டுக் கல்லூரியில் படித்த அமெரிக்கக் குடிமக்களில் அது சுமார் 67 விழுக்காடு. அந்தக் கட்டம் வரை வராமல் நடுவிலேயே நின்றுபோனவர்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பயந்த மாதத்தில் எடுக்கும் முடிவு அல்ல இது.

அதற்கு முன்பு பார்க்க வேண்டியது டி.ஓ. கல்லூரிகள், அதாவது ஆஸ்டியோபதி என்ற இன்னொரு வகை மருத்துவப் பட்டம் தரும் அமெரிக்கக் கல்லூரிகள். நம் ஆட்கள் "டி.ஓ.வா?" என்று முகம் சுளிப்பார்கள். டி.ஓ. படித்தவருக்கும் 50 மாநிலங்களிலும் முழு மருத்துவ உரிமம் உண்டு, 2020இலிருந்து எம்.டி., டி.ஓ. இரு தரப்புக்கும் ரெசிடென்சி அங்கீகார முறையும் ஒன்றே. மகள் அங்கும் விண்ணப்பித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்ல வேலை செய்தாள். ஒன்று மட்டும் கவனம்: எம்.டி. கல்லூரிகளில் இடத்தைப் பிடித்து வைக்கும் தொகை பெரும்பாலும் 100 டாலர் அளவில்தான் இருக்கும், டி.ஓ. கல்லூரிகளில் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் என்று போகும், திரும்பி வராததும் உண்டு. அதைக் கட்டும் கடைசித் தேதியை மட்டும் நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் என்று வந்த பிறகு இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காத்திருக்கும் நாளில் பெற்றோர் உருப்படியாகச் செய்யக்கூடியது இதுதான். 2025இல் வந்த சட்டத்தால் கிராட் பிளஸ் என்ற மத்திய அரசுக் கடன் 2026 ஜூலை 1இலிருந்து புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. மருத்துவ மாணவர் மத்திய அரசிடம் வாங்கக்கூடியது ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர், மொத்தம் 2 லட்சம். பல கல்லூரிகளில் கட்டணமும் இருப்புச் செலவும் அதற்கு மேல் போகும். மீதி எங்கிருந்து வரும் என்று நீங்களும் அவள் அப்பாவும் இப்போதே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் இரண்டு கல்லூரிக்கு நடுவே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் அந்தத் தாள்தான் வழி காட்டும்.

எதுவுமே வராவிட்டால்? அடுத்த விண்ணப்பம் மே மாதத்தில் திறக்கும். ஒன்றையும் மாற்றாமல் அதே விண்ணப்பத்தைத் திரும்ப அனுப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மறுத்த கல்லூரிகளில் சில, கோடையில் கேட்டால் எங்கே குறை என்று சொல்லும். ஒரு வருடம் போய்விடுமே என்று தவிக்காதீர்கள். இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பட்டப்படிப்புக்குப் பின் ஒரு வருடமாவது வெளியில் இருந்துவிட்டு வருகிறவர்கள்தான். பக்கத்து வீட்டுப் பையன் நேராகப் போனான் என்றால் அது அவன் கதை.

நீங்கள் கேட்காத ஒன்று. தினமும் இரவு சாப்பாட்டு நேரத்தில் "ஏதாவது வந்ததா?" என்று கேட்பதாக எழுதியிருந்தீர்கள். வந்திருந்தால் அவள் படியில் இறங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வராத நாளில் அந்தக் கேள்வி, வரவில்லை என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறது, அதுவும் தினமும். வாரத்துக்கு ஒருநாள் என்று அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள், அன்று ஊரிலிருந்து எல்லோரும் போன் செய்வார்கள். பாட்டிக்கும் சித்திக்கும் பதில் சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். "மே மாதம் தெரியும்" என்ற ஒரே பதில் போதும்.

கடைசிக் கேள்வி, ஜூனில் ஊரில் தங்கை மகன் கல்யாணம், டிக்கெட் போடலாமா என்பது. போடுங்கள், மகளையும் கூட்டிப் போங்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். அவளுடைய அமெரிக்க போன் எண் அங்கேயும் வேலை செய்ய வேண்டும். இப்போது இடம் கிடைத்தால் யோசிக்க இரண்டு வாரம் தருவார்கள், ஜூனில் அது சில நாட்களாகச் சுருங்கிவிடும், அதனால் மின்னஞ்சலைத் தினமும் பார்க்க வேண்டும், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது நம் ஊரில் மாலை ஆறரை. காலை முகூர்த்தத்துக்கு எந்த இடைஞ்சலும் இருக்காது, ரிசப்ஷனில் மட்டும் போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.