பாடநூலுக்கு எதற்கு விருது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க வானியல் கழகம் தரும் சாம்ப்ளிஸ் எழுத்து விருது பற்றி எழுதியிருந்தீர்கள். பொது வாசகர்களுக்கான நூல்களுக்கு அது கிடையாது, கல்லூரி மேல்வகுப்பு, முதுநிலைப் பாடநூல்களுக்கு மட்டும்தான் என்பது வேடிக்கையாக இருக்கிறது. பாடநூல் என்றால் அடுத்தவர் கண்டுபிடித்ததைத் தொகுப்பதுதானே? வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் எழுதியது மாதிரி என்றால் சரி, அது ஆய்வு. மற்றதற்கு எதற்கு விருது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சந்திரசேகரை நீங்களே இழுத்துவிட்டதால் அங்கிருந்தே வருகிறேன். விண்மீன்களின் உள்ளமைப்பு பற்றி 1939ல் அவர் வெளியிட்ட நூலைத் திறந்தால் முதல் அத்தியாயத்தில் விண்மீனே இல்லை, வெப்ப இயக்கவியல் விதிகள்தான் இருக்கின்றன. அப்புறம் லேன், ரிட்டர், எம்டன் என்று முன்னே போனவர்கள் போட்ட வாயுக்கோளக் கணக்குகள், ஒன்றைப் படித்தால்தான் அடுத்தது புரியும் என்கிற வரிசையில். போதாதற்கு எது யாருடைய வேலை என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் குறிப்பு வேறு. அவருக்கே உரிய வெள்ளைக் குள்ளன் ஆய்வு, அதாவது எரிபொருள் தீர்ந்து சுருங்கிய அந்த விண்மீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.44 மடங்கைத் தாண்ட முடியாது என்ற எல்லை, புத்தகத்தின் பின்பகுதியில்தான் வருகிறது. உங்கள் கணக்குப்படி அதிலும் பெரும்பகுதி தொகுப்புதான்!

2007ல் இந்த விருதைப் பெற்ற இம்கே டி பாட்டர், ஜாக் லிசாவர் இருவரின் கோள் அறிவியல் பாடநூலைப் பாருங்கள். வளிமண்டலம், நிலப்பரப்பு, கோளின் உட்பகுதி, காந்தமண்டலம், விண்கற்கள், வளையங்கள், கோள்கள் உருவாகும் விதம் என்று எல்லாம் ஒரே நூலில். புவியியலாளரும் வேதியியலாளரும் பிளாஸ்மா இயற்பியலாளரும் ஆளுக்கொரு பாஷையில் பேசும் துறை அது, அதை ஒரு மாணவர் தொடர்ந்து படிக்கும்படி செய்ய எதை விடுவது, எதை முன்னால் வைப்பது, அத்தியாய முடிவில் எந்தக் கணக்கைக் கொடுத்தால் புரிந்ததா என்று தெரியும் என்றெல்லாம் முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுத்து எழுதினாலும் நூல் பழசாகாமல் நிற்காது. முதல் பதிப்பு 2001ல் வந்தது, 2006ல் புளூட்டோ கோள் பட்டியலிலிருந்தே போய்விட்டது, அதற்குள் வேற்றுச் சூரியன்களின் கோள்கள் குவியத் தொடங்கிவிட்டன, 2010ல் இரண்டாம் பதிப்பு. பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரைகளை எண்ணும் பல்கலைக்கழகத்தில் இத்தனை உழைப்புக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்? வெகுஜன நூலுக்காவது விற்பனை இருக்கிறது, பத்திரிகை மதிப்புரை இருக்கிறது.

விருதுக்குப் பெயர் தந்த கார்ல்சன் சாம்ப்ளிஸ் பென்சில்வேனியாவில் குட்ஸ்டவுன் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக இருந்தவர்.

எனக்கு இந்த விருதோடு இருக்கும் சண்டை வேறு. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2.5 லட்சம் கல்லூரி மாணவர்கள் அறிமுக வானியல் பாடம் எடுப்பதாகச் சொல்வார்கள், பெரும்பாலோர் அறிவியல் துறைக்கே வராதவர்கள். கணிதத்தின் துணை இல்லாமல் அவர்களுக்குப் புரியும்படி எழுதுவதுதான் இன்னும் கஷ்டம் என்பது என் எண்ணம். ஃப்ராக்னாய், மாரிசன், உல்ஃப் மூவரும் முதன்மை ஆசிரியர்களாக இருந்து ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற இலவசப் பாடநூல் வெளியீட்டு அமைப்புக்காக எழுதிய அறிமுகப் பாடநூல் 2016லிருந்து இணையத்தில் இலவசம், நீங்களும் இன்றே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் முதல்நிலை மாணவர்களுக்கானது என்பதால் விதிப்படி அது இந்த விருதின் வரம்புக்குள்ளேயே வராது.