ஆசிரியராக இருந்தவர், சுகாதாரத் துறையை நன்றாகத் தெரிந்தவர் தேர்தலில் நின்றால் ஓட்டுப் போடுவீர்களா?

போடுவேன். ஆனால் எந்தத் தேர்தல் என்று முதலில் பார்ப்பேன். கேரளத்தின் முன்னாள் சுகாதார அமைச்சர் கே.கே. ஷைலஜாவைப் பார்த்த பிறகு வந்த எண்ணம் இது.

2018 மே மாதம் நான் கோழிக்கோட்டில் வேலையில் இருந்தேன். பேராம்பிரா பக்கம் நிபா, பழந்தின்னி வௌவால்களிடமிருந்து வரும் வைரஸ் காய்ச்சல். பழக்கடைகளில் ஆளே இல்லை. பஸ்ஸில் யாராவது இருமினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி இறந்துபோனார். மொத்தம் 17 உயிர்கள். அப்போது சுகாதார அமைச்சராக இருந்த ஷைலஜா கோழிக்கோட்டிலேயே முகாமிட்டிருந்தார். டிவியில் அவர் பேசுவதற்காகக் காத்திருப்போம். யாருக்கு உறுதியாகியிருக்கிறது, யாரெல்லாம் தொடர்பில் இருந்தார்கள், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று பாடம் எடுப்பதுபோலச் சொல்வார். பயம் பாதி குறைந்துவிடும். சிவபுரம் பள்ளியில் அறிவியல் எடுத்தவர், 2004-ல் விருப்ப ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'தான்.

அவர் காலத்தில் வந்த ஆர்த்ரம் திட்டத்தைப் பலர் பேசுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார நிலையங்களாக்கி, ஓபியை, அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரத்தை, மாலை வரை நீட்டினார்கள். அரை நாள் கூலியை இழக்காமல் டாக்டரைப் பார்க்க முடிவது சாதாரண விஷயமா! கோவிட் சமயத்தில் பிபிஇ கிட் (மருத்துவ ஊழியர்களுக்கான பாதுகாப்பு உடை) வாங்கிய விலை பற்றி எதிர்க்கட்சிகள் கேட்டதும் நியாயம்தான். துறை தெரிந்தவர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விட முடியாது.

2021-ல் மட்டன்னூரில் 60,963 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் புதுமுகங்களுக்குத்தான் வாய்ப்பு என்று அவருடைய மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி முடிவு செய்ததால் அமைச்சர் பதவி இல்லை. அப்புறம் 2024-ல் வடகரா மக்களவைத் தொகுதியில் நின்று, ஷாஃபி பரம்பிலிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டில் தோற்றார். பேராம்பிராவும் அந்தத் தொகுதிக்குள்தான் வருகிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. அங்கே என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டேன். "டீச்சர் மேல் கோபமில்லை. இது டெல்லிக்குப் போடும் ஓட்டு" என்றார்.

யோசித்தால் அவர் சொன்னது சரி. ஆஸ்பத்திரிகள் மாநில அரசின் பொறுப்பு. இப்படிப்பட்டவர்களின் இடம் சட்டமன்றம். அங்கே ஒருவர் நின்றால், சின்னம் எதுவானாலும் என் ஓட்டு அவருக்கு. ஒன்றே ஒன்று கேட்பேன்: மதியத்துக்கு மேல் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருப்பாரா?