வாசகர் கேள்வி: ரெய்ம்ஸ் கோயில் இன்னும் இருக்கிறதா?

கேள்வி: இடைக்காட்டூர் திரு இருதய ஆலயத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பிரான்ஸில் ரெய்ம்ஸ் என்ற ஊரிலுள்ள பேராலயத்தைப் பார்த்துக் கட்டியது என்றார்கள். அது உலகப் போரிலேயே இடிந்துவிட்டது என்கிறான் சிவில் படித்த என் தம்பி. உண்மையா? – ஒரு வாசகி, விளாங்குடி, மதுரை.

பதில்: தம்பி சொல்வதில் பாதி உண்மை. குண்டு விழுந்தது, கூரை எரிந்தது. ஆனால் கோயில் நிற்கிறது, திருப்பலியும் நடக்கிறது.

இடைக்காட்டூரில் 1894-இல் பெர்டினாந்த் செல் என்ற பிரெஞ்சு சேசு சபைக் குரு கட்டியது செங்கல் கோயில். ரெய்ம்ஸ் முழுக்கச் சுண்ணாம்புக்கல்; கோபுரங்களே 81 மீட்டர். அதனால் அளவை ஒப்பிடாதீர்கள். கல்லில் செதுக்கிய வளைவுகளை இங்கே விதவிதமாக வார்த்த செங்கல்லில் கொண்டுவந்திருக்கிறார்களே, அதைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

பிராங்கு அரசன் குளோவிஸ் திருமுழுக்குப் பெற்ற ஊர் ரெய்ம்ஸ். பிரெஞ்சு அரசர்கள் அங்கே போய் முடிசூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம். 1429-இல் ஏழாம் சார்லஸ் முடிசூடியபோது பிரெஞ்சுப் படையை நடத்திவந்த இளம்பெண் ஜோன் ஆஃப் ஆர்க் கூடவே நின்றாள். பழைய கோயில் 1210-இல் தீக்கிரையாகி, அடுத்த வருடம் தொடங்கிய கட்டடம்தான் இன்றிருப்பது.

அரசர்களைவிட என்னை இழுப்பது அதைக் கட்டியவர்கள்தான். தரையில் ஒரு சுற்றுவழிக் கோலம் பதித்து, அதில் நான்கு தலைமைச் சிற்பிகளின் பெயரைப் பொறித்திருந்தார்கள். ழான் தோர்பே அவர்களில் ஒருவர். பிள்ளைகள் அதில் ஓடி விளையாடுவது வழிபாட்டுக்கு இடைஞ்சல் என்று 1779-இல் பெயர்த்துவிட்டார்கள். எனக்கு அது ஆறாத வருத்தம். பிள்ளைகள் ஓடட்டுமே!

இனி போர். 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் பீரங்கிக் குண்டு பட்டு, பழுதுபார்க்க வடகோபுரத்தில் கட்டியிருந்த மரச்சாரம் பற்றிக்கொண்டது. தீ கூரைக்குத் தாவியது. கூரைமேல் வேய்ந்த ஈயம் உருகி, மழைநீர் வடிய வைத்த கல் பூதங்களின் வாய்வழியே வழிந்தது. நம் கோயில் கோமுகியில் தீர்த்தம் வடிவதுபோல ஈயம் வடிந்ததை நினைத்துப் பாருங்கள். அது அப்படியே உறைந்துபோன பூதத் தலைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வாசலில் சிரித்த முகத்தோடு நிற்கும் தேவதூதரின் தலையும் அன்றுதான் உடைந்து விழுந்தது. முன்பே எடுத்துவைத்த அச்சு ஒன்று இருந்ததால், துண்டுகளைச் சேர்த்து அந்தச் சிரிப்பை மீட்டார்கள்.

தம்பிக்கு ஒரு செய்தி. எரிந்த மரச்சட்டத்துக்குப் பதிலாக ஆன்ரி தெனு என்ற கட்டடக்கலைஞர் கம்பி போட்ட கான்கிரீட்டைச் சிறு சிறு துண்டுகளாக வார்த்து, ஓக் மர ஆப்பு அடித்துக் கோத்துக் கூரைச்சட்டம் அமைத்தார். சிறு பலகைகளை இப்படிக் கோக்கும் முறை 16-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுத் தச்சு வேலையிலேயே உண்டு. கனமில்லை, இனித் தீப்பிடிக்கவும் செய்யாது. அமெரிக்கக் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பெரும்பணம் கொடுத்தார். 1938-இல் வேலை முடிந்து கோயில் முழுமையாகத் திறந்தது.